உப்பின் வழியே செல்லும் மருந்து

1942ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் புகுந்தது. ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூரும் வீழ்ந்தது. மலாயாவைக் காப்பதற்கென்று வந்து, காக்க இயலாமல் தெற்கு நோக்கிப் பின்வாங்கி, இறுதியில் ஆயுதங்களைக் கீழே வைத்துச் சரணடைந்த ஆஸ்திரேலியாவின் எட்டாவது டிவிஷனில், மனோவியாதி வைத்தியத்தில் பழகியிருந்த முப்பது வயது ராணுவ டாக்டர் ஒருவர் இருந்தார். ஜான் கேட் என்பது அவர் பெயர். நம் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் ரயில் பாதை போடுவதற்காகக் கூட்டங்கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்ட அந்த ஆண்டுகளில், கேட் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுக் காலம் கைதியாக இருந்தார். அன்னமும் சத்தும் இன்றிச் சரீரம் நலிந்த கைதிகளுக்குப் புத்தியும் எவ்வாறு நலிகிறது என்பதை அவர் அருகிருந்து கண்டார். மனத்தின் பிணிகளுக்கு வேர் சரீரத்தின் ரசாயனத்தில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அந்த முகாமில் அவருக்குள் வலுப்பெற்றது.

யுத்தம் முடிந்து தாயகம் திரும்பிய கேட், மெல்பர்ன் நகரின் புறத்தே பண்டூராவில் இருந்த போர்வீரர் மனநோய் மருத்துவமனையில், உபயோகமற்றுக் கிடந்த ஒரு சமையலறையையே ஆராய்ச்சிச்சாலையாக்கிக் கொண்டு, தம் ஊகத்தைச் சோதிக்கத் தொடங்கினார். உன்மத்த நிலையில் உள்ளவர்களின் உடலில் ஏதோ ஒரு பொருள் மிகுந்து விஷமாகிறது. அப்பொருள் சிறுநீரில் வெளிப்பட வேண்டும் என்பது அவருடைய ஊகம். நோயாளிகளின் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்கு ஊசி வழியே செலுத்திப் பார்த்தார். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்துக்கு இதில் என்ன பங்கு என்று அறிய விரும்பியபோது, அந்த அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது என்ற இடையூறு எழுந்தது. கரையும் தன்மையுள்ள ஓர் உப்பாக அதை மாற்ற வேண்டியிருந்தமையால், அந்தக் காரியத்துக்கு மிகவும் ஏற்றது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கீல்வாத வைத்தியர்கள் அறிந்திருந்த லித்தியத்தை அவர் கையில் எடுத்தார். எதிர்பார்த்ததற்கு மாறாக விஷத்தின் வேகம் தணிந்தது. யூரிக் அமிலத்தை ஒதுக்கிவிட்டு லித்தியம் கார்பனேட்டை மட்டும் செலுத்தியபோது, இயல்பாகவே மிரண்டோடும் அந்தப் பிராணிகள் ஓரிரு மணி நேரம் சலனமற்று அமைதியாகக் கிடந்து, பின்னர் எவ்விதக் கேடுமின்றி எழுந்தன. அந்த அமைதி உண்மையில் மிகையான லித்தியத்தால் உண்டான மயக்கமாகவே இருந்திருக்கலாம் என்று பிற்கால அறிஞர்கள் கருதுகிறார்கள். ஊகம் பிழையாயினும் கண்டடைந்த பொருள் மெய்யாயிருந்தது; விஞ்ஞான சரித்திரத்தில் இது அபூர்வமான நிகழ்ச்சியன்று.

கேட் முதலில் அந்த உப்பைத் தாமே உட்கொண்டு பார்த்தார். பிறகு 1948 மார்ச்சு 29ஆம் தேதி, ஐந்தாண்டுகளாக ஓயாத உன்மத்தத்தில் இருந்த ஐம்பத்தோரு வயது நோயாளி ஒருவருக்கு அதைக் கொடுத்தார். கேட் எழுதிய அறிக்கையில் அவர் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே உள்ளன. வார்டில் எல்லாரையும் விட அதிகத் தொல்லை தருபவர் என்று பெயரெடுத்திருந்த அந்த மனிதர் சில வாரங்களில் தெளிந்தார். ஜூலை மாதத்தில் வீடு திரும்பினார். தம் பழைய வேலையிலும் சேர்ந்தார். 1949 செப்டம்பர் 3ஆம் தேதி வெளிவந்த ஆஸ்திரேலிய மருத்துவச் சஞ்சிகையில் கேட் இதை அறிவித்தார். ஆனால் கதையின் பிற்பகுதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வீடு சென்ற அந்த நோயாளி மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பியது, மீண்டும் மருந்து கொடுத்தார்கள், அது உடலில் தேங்கி நஞ்சாகி, 1950இல் அவர் இறந்தார். மனம் நொந்த கேட் சிறிது காலம் இந்த மருந்தையே விலக்கி வைத்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு விபத்து நடந்துகொண்டிருந்தது. இருதய நோயினாலும் ரத்தக் கொதிப்பினாலும் வருந்தியவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்தவே, சோற்றுப்புக்குப் பதிலாக உணவின் மேல் தூவிக்கொள்ளலாம் என்று லித்தியம் குளோரைடு கடைகளில் விற்கப்பட்டது. நாவுக்கு அது உப்பாகவே இருந்தது. 1949இன் தொடக்கத்தில் அதனால் மாண்டவர்களின் செய்தி வெளிவந்து, அரசாங்கம் அதைத் தடை செய்தது. உப்பை விலக்கியவர்களே அதை உட்கொண்டார்கள் என்பதுதான் அந்த விபத்தின் மர்மம். லித்தியத்தின் குணாதிசயம் முழுவதும் அந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது என்பதைச் சற்று விளக்குவேன்.

மூலகங்களின் அட்டவணையில் ஹைட்ரஜனும் ஹீலியமும் நீங்கலாக முதலில் நிற்பது லித்தியம். 1817இல் சுவீடன் நாட்டு ரசாயன அறிஞர் ஆர்வெட்சன் ஒரு கனிமத்தைப் பகுத்தாராயும்போது கண்டறிந்தது. அட்டவணையில் அதற்கு நேர் கீழே இருப்பது சோடியம், அதாவது நாம் உண்ணும் உப்பின் உயிர்ப்பகுதி. ஒரே பத்தியில் உள்ள மூலகங்கள் குணத்தால் பங்காளிகள். நம் சிறுநீரகமோ இந்தப் பங்காளிகளைச் சரியாகப் பிரித்தறிவதில்லை. பொதுவாக நாம் விழுங்கும் மருந்துகள் பல ஈரலில் சிதைக்கப்பட்டு, உருமாறி வெளியேறுகின்றன; லித்தியத்தை ஈரல் தொடுவதே இல்லை. அது மூலகமாகையால் அதைச் சிதைக்கவும் இயலாது. உள்ளே சென்ற லித்தியம் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகத்தின் வழியேதான் வெளியேற வேண்டும். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் மிகப் பெரும்பகுதியை மீண்டும் ரத்தத்துக்கே திருப்பியளிக்கும் அந்த உறுப்பு, சோடியத்தைத் திரும்பப் பெறும்போது லித்தியத்தையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறது. வடிகட்டப்பட்ட லித்தியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு உடலுக்குத் திரும்புகிறது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால் என்ன நிகழும்? ஒரு துளி உப்பையும் இழக்கலாகாது என்று சிறுநீரகம் சோடியத்தை இன்னும் அதிகமாக இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். விழுங்கிய மாத்திரை அதேதான். ரத்தத்தில் அதன் அளவு மட்டும் ஏறிவிடும். அமெரிக்காவில் உப்பை விலக்கி லித்தியத்தைத் தூவிக்கொண்டவர்கள் மாண்டதன் காரணம் இதுவே.

லித்தியத்தை மீண்டும் வைத்தியத்துக்கு மீட்டுத் தந்தவை ஒரு சுடரும் ஒரு டென்மார்க்கு நாட்டவரின் விடாமுயற்சியும் ஆகும். லித்தியம் நெருப்பில் செக்கச் செவேலென எரியும். அந்தச் செவ்வொளியின் பிரகாசத்தை அளக்கும் கருவி வந்த பின்னர், ஒருவருடைய ரத்தத்தில் எவ்வளவு லித்தியம் உள்ளது என்பதைக் கணக்கிட முடிந்தது. மெல்பர்னில் வேறு ஆராய்ச்சியாளர்கள் அதைப் பயன்படுத்தி மருந்தின் அளவை ஆராய்ந்தார்கள். 1954இல் மோகன்ஸ் ஷோவ் என்ற டேனிஷ் அறிஞர், நோயாளிகளுக்கு லித்தியத்தையும் வெறும் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து அதன் பயனை நிரூபித்தார். 1967இல் அவரும் பாஸ்ட்ரூப் என்ற மற்றோர் ஆய்வாளரும், இம்மருந்து வந்த உன்மத்தத்தைத் தணிப்பதோடு, வரவிருக்கும் உன்மத்தத்தையும் மனச்சோர்வையும் தடுக்கிறது என்று காட்டினார்கள். 1970இல் அமெரிக்கா அங்கீகரித்தது.

இன்று மருத்துவர்கள் பொதுவாக நாடும் அளவு, ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல். 1.5ஐத் தாண்டினால் நஞ்சின் குறிகள் தலைகாட்டும், 2.0ஐத் தாண்டினால் உயிராபத்தும் நேரலாம். பயனுக்கும் தீங்குக்கும் இடையே இவ்வளவு ஒடுங்கிய வழியுள்ள ஔஷதங்கள் சிலவே. அந்த வழியின் அகலத்தை நிர்ணயிப்பது நம் கை அல்ல, சிறுநீரகம் என்பதை மறவாதிருந்தால், இனி நான் சொல்லப் போகும் மருந்துகளின் பட்டியலை மனப்பாடம் செய்யாமலே ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் நோயைப் பற்றி ஒரு சொல். மனம் ஒரு காலத்தில் அளவு மீறிய உற்சாகத்திலும், மற்றொரு காலத்தில் எழுந்திருக்கவே மனமில்லாத இருளிலும் ஆழும் இந்த நோயை இன்று இருதுருவக் கோளாறு என்கிறார்கள். 'பைபோலார்' என்றால் பிரிக்பீல்ட்ஸ் இளைஞர்கள் உடனே விளங்கிக்கொள்கிறார்கள். ஆனால் முதிய தலைமுறைக்கு மனநோய் என்றாலே ஒரே பெயர்: தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் ஈப்போவுக்கு அருகே நிறுவப்பட்டு, இன்று பஹாகியா மருத்துவமனை என்ற பெயரில் இயங்கிவரும் அந்த நிலையம் எத்தனையோ பேருக்கு மீட்சியளித்திருக்க, அதன் ஊர்ப் பெயரை வசவாக வழங்கும் பழக்கம் நம்மவரிடையே இன்னும் போகவில்லை. இந்த வசவுக்கு அஞ்சி மௌனம் சாதிப்பவர்கள்தாம், நான் எழுதுகின்ற ஆபத்துக்கு முதலில் ஆளாகிறார்கள்.

இதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வைத்திய ஏற்பாடும் ஒரு காரணம். இங்கே ஒருவருக்கு மருந்து ஒரே கையிலிருந்து வருவதில்லை. மனநல மாத்திரை அரசாங்க ஆஸ்பத்திரியின் சிறப்புப் பிரிவிலிருந்து, ஐந்து ரிங்கிட் கட்டணத்தில். ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து. முதுகு வலிக்கும் சுரத்துக்கும் கம்பெனிப் பேனல் கிளினிக்கிலிருந்து, அங்கே டாக்டரே மருந்தையும் உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார். மீதிக்கு ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் தெங்கு கிளானா வீதியிலோ உள்ள மருந்துக்கடை. இந்த நால்வரும் ஒருவர் ஏட்டை ஒருவர் பார்ப்பதில்லை. நால்வரையும் இணைப்பது நோயாளியின் வாய் ஒன்றே.

கிள்ளானின் தாமான் ஒன்றில் வசிக்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளாக லித்தியம் உட்கொண்டு நலமாயிருக்கிறார். துறைமுகத்தில் சுமை தூக்கிய காலத்து முழங்கால் வலி அதிகமாகவே, தெருமுனைக் கிளினிக்குக்குச் செல்கிறார். "வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களாய்யா?" என்று டாக்டர் கேட்கிறார். கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் அவருடைய மகளோடு ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவள். "இல்லைங்க டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார். பத்து நாள் வலி மாத்திரையோடு அவர் வீடு திரும்புகிறார். அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்ணிய குழாய்களைத் திறந்து வைத்திருப்பவற்றுள் முக்கியமானவை புராஸ்டாகிளாண்டின் எனும் பொருள்கள். வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. ஆகவே வலியைத் தணிக்க அவற்றின் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரை, சிறுநீரகத்தில் ரத்த ஓட்டத்தையும் குறைத்து, சோடியத்தைத் தேக்கிவிடுகிறது. சோடியத்தோடு லித்தியமும் தேங்குகிறது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ரோக்சன், இண்டோமெதாசின் யாவும் இந்த வகையைச் சேர்ந்தவை; மாதவிலக்கு வலிக்கும் பல் வலிக்கும் நம் வீடுகளில் சர்வ சாதாரணமாக வழங்கும் பொன்ஸ்டான் என்ற மெஃபனாமிக் அமிலமும் அப்படியே. வோல்ட்டரனும், வயிற்றைப் புண்ணாக்காது என்று புகழப்படும் ஆர்காக்சியாவும் விலக்கல்ல. ஒருவருக்குச் சிறிதளவே ஏறும் லித்தியம் மற்றொருவருக்கு இரட்டிப்பாகவும் ஏறக்கூடும் என்பதால், முன்பு ஒருமுறை சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவத்தை நம்பக் கூடாது. பனடோல் எனப்படும் பாராசிட்டமால் இந்த வழியில் செல்வதில்லை. ஆஸ்பிரினும் லித்தியத்தின் அளவைக் குறிப்பிடத்தக்கபடி உயர்த்துவதில்லை. முழங்காலுக்குக் கோடாலித் தைலம் தடவுகிறவர்கள் லித்தியத்தைப் பொறுத்தமட்டில் கவலையின்றித் தடவலாம்.

வலி மாத்திரையாவது சில நாளோடு நின்றுவிடும். ரத்தக் கொதிப்பு மாத்திரையோ ஆயுள் முழுதும் தொடர்வது. ஆகையால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2023இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் நூற்றுக்கு இருபத்தொன்பது பேருக்கு ரத்தக் கொதிப்பு. நீரிழிவிலோ, 2019ஆம் ஆண்டின் ஆய்வில் இந்திய வம்சாவளியினருள் நூற்றுக்கு முப்பத்தொருவர் என்று நாம் எல்லா இனத்தாரையும் முந்தி நிற்கிறோம். நீரிழிவும் கொதிப்பும் சேர்ந்தவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காக்கவென்றே விரும்பிக் கொடுக்கப்படும் மருந்துகள், பெரிண்டோபிரில், எனாலபிரில் என்று 'பிரில்' என முடிபவையும், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் என்று 'சார்ட்டன்' என முடிபவையும் ஆகும். அவை சிறுநீரக வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் வாயிலைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைக்கின்றன. நீரிழிவுக்காரருக்கு அது நன்மை. லித்தியம் உட்கொள்பவருக்கோ வடிகட்டுவது குறைந்து லித்தியம் தேங்குகிறது. அதுவும் மறுநாளே அல்ல, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். காரியமும் காரணமும் காலத்தால் தூரமாகிவிடுவதால் எவரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் லித்தியம் உட்கொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முதியோரை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, 'பிரில்' வகை மருந்தைத் தொடங்கிய முதல் மாதத்தில் லித்திய நஞ்சால் ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ஃபுரோசமைடு போன்ற நீரிறக்கி மாத்திரைகளைத் தொடங்கிய மாதத்தில் ஐந்து மடங்குக்கும் மேல்.

நீரிறக்கிகளுள் தயாசைடு வகையின் செயல் பார்வைக்கு முரண்பாடாகத் தோன்றும். சிறுநீரை அதிகம் போக்குகிற மருந்து லித்தியத்தையும் போக்கத்தானே வேண்டும்? அவ்வாறு நிகழ்வதில்லை. தயாசைடு சிறுநீரகக் குழாயின் பிற்பகுதியில் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. உப்பையும் நீரையும் இழந்த உடல் எச்சரிக்கையடைந்து, குழாயின் முற்பகுதியில் சோடியத்தை முன்னிலும் அதிகமாக உறிஞ்சுகிறது. லித்தியம் உறிஞ்சப்படும் இடமும் அந்த முற்பகுதியே. ஆகவே ஹைட்ரோகுளோரோதயாசைடு லித்தியத்தின் அளவை நூற்றுக்கு இருபத்தைந்து முதல் நாற்பது வரை உயர்த்திவிடும். கொதிப்பு மருந்துகளில் அம்லோடிபின் போன்றவற்றுக்கு இந்தத் தோஷம் இல்லை. மற்றவற்றைக் கொடுக்கவே கூடாது என்பதும் இல்லை. கொடுப்பவர் அறிந்து கொடுத்து, லித்தியத்தைக் குறைத்து, அடுத்தடுத்து ரத்தம் பார்த்தால் இரண்டும் ஒரே உடலில் இசைந்திருக்க முடியும். ஆபத்து மருந்தில் இருப்பதைக் காட்டிலும் அறியாமையில் இருக்கிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மருந்தென்று நாம் எண்ணாதவையும் உண்டு. கொதிப்பு இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்ற நல்லுபதேசத்தைக் கேட்டு, கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சோயா சாறும் ஒரே நாளில் நிறுத்தப்படும்போது, அந்த அமெரிக்க விபத்தின் சிறிய வடிவம் கிள்ளானில் ஒரு வீட்டுச் சமையலறையில் நிகழ்கிறது. லித்தியம் உட்கொள்பவருக்கு உப்பு அதிகமும் வேண்டாம், குறைவும் வேண்டாம், மாறாதிருக்க வேண்டும். தைப்பூசத்துக்கு விரதமிருந்து, ஒரு வேளை உணவோடு நாட்களைக் கழித்து, ஜாலான் துன் எச். எஸ். லீயிலிருந்து வெள்ளி ரதத்தின் பின்னே பத்துமலை வரை இரவெல்லாம் நடந்து, 272 படிகளைக் காவடியோடு ஏறுகிற பக்தரை எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் லித்தியமும் சிறிது கழிகிறதாகையால் வியர்ப்பதால் மட்டும் அளவு ஏறும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் உண்ணாமலும் குடிக்காமலும் நீர் வறண்ட உடலில் சிறுநீரகம் எதையும் விடாது. விரதத்தைக் கைவிடும்படி நான் எவருக்கும் சொல்லவில்லை. விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்வதும், வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்களில் தாராளமாகக் கிடைக்கும் நீரையும் மோரையும் குடித்துக்கொண்டே நடப்பதும் முருகனுக்கு உவப்பில்லாத காரியங்கள் ஆகமாட்டா.

இதைவிட அஞ்சத்தக்கது டிங்கி. நாட்டிலேயே டிங்கி மிகுந்த மாநிலமாகச் சிலாங்கூர் ஆண்டுதோறும் விளங்குகிறது. கடும் சுரம், வாந்தி, உணவில் வெறுப்பு, உடல்வலி. உடல்வலிக்கென்று யாரோ கொடுக்கும் வலி மாத்திரை. நீரிழப்பும் புராஸ்டாகிளாண்டின் தடையும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. டிங்கியில் ரத்தக் கசிவின் அபாயத்தால் அந்த வலி மாத்திரைகள் எவருக்குமே விலக்கப்பட்டவை. லித்தியம் உட்கொள்பவருக்கு அவ்விலக்கு இரு மடங்கு பொருந்தும். வயிற்றுப்போக்கும் இதே வகை. இத்தகைய நாட்களில் அடுத்த வேளை லித்தியத்தை விழுங்குமுன் ஆஸ்பத்திரியைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஓரிரு நாள் நிறுத்தி ரத்தம் பார்க்கச் சொல்வார்கள்.

எதிர்த்திசையில் இழுப்பவையும் சில உண்டு. ஆஸ்த்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலின் லித்தியத்தை விரைவாக வெளியேற்றும். அதன் உறவான காஃபீனும் அப்படியே. நாளெல்லாம் தே தாரிக்கும் கோப்பியுமாக இருப்பவர், சர்க்கரை ஏறிவிட்டதென்று ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டால், லித்தியம் உயரும். 1995இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நாளுக்கு நான்கு முதல் எட்டுக் கோப்பை கோப்பி குடித்தவர்கள் அதை நிறுத்தியபோது சராசரியாக ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏறியது. மனநல மருந்துகளுக்குள்ளேயே ஹாலோபெரிடோல் முதலியவற்றோடு லித்தியம் சேரும்போது, அளவு சரியாயிருந்தும் நடுக்கமும் குழப்பமும் அபூர்வமாகத் தோன்றியதுண்டு. மனச்சோர்வு மாத்திரைகளோடு சேரும்போது செரோட்டோனின் மிகையால் வரும் கேடும் அபூர்வமாக உண்டு. இவற்றை எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் மனநல மருத்துவரே ஆகையால் அவர் அறிந்தே செய்கிறார். நாட்டு வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: சிறுநீரைப் பெருக்கும் என்று நெருஞ்சிக் குடிநீரோ சிறுபீளைக் கஷாயமோ அருந்துகிறவர்கள், அதை மருந்தென்றே மதித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூலிகை நீரிறக்கியால் லித்தியம் நஞ்சான நிகழ்ச்சி அமெரிக்க மருத்துவ ஏட்டில் 2001இல் பதிவாகியிருக்கிறது.

கற்பனைப் பெரியவரிடம் திரும்புவோம். எட்டாம் நாள் அவருக்கு வயிறு இளகுகிறது; கை நடுக்கம் தேநீர்க் கோப்பையைத் தளும்பச் செய்யும் அளவுக்குக் கடுமையாகிறது; நடக்கும்போது கால்களை அகல வைக்கிறார்; சொல் குழறுகிறது; பகலிலும் உறங்குகிறார். குடித்திருக்கிறாரோ என்று அண்டை வீட்டார் ஐயுறுகிறார்கள். மனைவிக்கோ வேறு அச்சம்: பழைய நோய் திரும்புகிறது. அந்த அச்சத்தில் அவர் என்ன செய்வார்? மாத்திரை தவறவிட்டாரோ என்று எண்ணி, தம் கையாலேயே எடுத்துக் கொடுத்து, தவறாமல் விழுங்கச் செய்வார். அன்பினாலேயே நஞ்சு ஏறும் இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. உன்மத்தம் திரும்பினால் உறக்கம் குறையும், பேச்சு வேகமாகும், கால் ஓயாது. லித்தியம் நஞ்சானால் உறக்கம் கூடும், பேச்சு குழறும், கால் தள்ளாடும். இரண்டும் எதிரெதிரானவை. இந்த ஒரு வேறுபாட்டை வீட்டிலுள்ள ஒருவர் அறிந்திருந்தால் போதும், அன்றைக்கே கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடலாம். தாமதித்தால் வலிப்பும் நினைவிழப்பும் வரும். பிழைத்தவர்களுள் சிலருக்குச் சிறுமூளை கெட்டு, தள்ளாட்டம் நிரந்தரமாகத் தங்கிவிடும். லித்தியம் மிகச் சிறிய அணுவாகவும், ரத்தப் புரதங்களோடு ஒட்டாததாகவும் இருப்பதால், கடுமையான நஞ்சேற்றத்தில் சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்யும் டயாலிசிஸே அதை வெளியேற்றப் போதுமானது. திசுக்களுக்குள் பதுங்கியிருந்தது பின்னர் ரத்தத்துக்கு மீளுமாகையால், சில சமயம் மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

ரத்தம் எடுப்பதிலும் நுட்பம் உண்டு. கடைசி மாத்திரை விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்கு விழுங்கியவர் காலை ஒன்பதுக்குக் கை நீட்டலாம். காலை மாத்திரை உள்ளவர்கள் ரத்தம் எடுத்த பிறகே அதை விழுங்க வேண்டும். முன்னதாக எடுத்தால் அளவு வீணாக உயர்ந்து காட்டும். குழாயிலும் கவனம் வேண்டும். ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் பூசிய பச்சை மூடிக் குழாய்கள் ஆய்வகங்களில் உண்டு. அவற்றுள் பல, லித்தியம் ஹெப்பாரின் பூசப்பட்டவை. அதில் ரத்தத்தை விட்டால், குழாயில் உள்ள லித்தியமே கணக்கில் ஏறி, நலமாயிருப்பவரை நஞ்சேறியவராகக் காட்டிவிடும். அளவு மாறிய பின்னும், வேறு மருந்து சேர்ந்த பின்னும் ஐந்து முதல் ஏழு நாளில் ஒரு சோதனை. பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அவற்றோடு சிறுநீரகம், தைராய்டு, கால்சியம். பல ஆண்டு உட்கொள்ளும்போது தைராய்டு மந்தமாவதும், சிறுநீர் அளவுக்கு மீறிப் பெருகுவதும், சிலருக்குச் சிறுநீரகம் தளர்வதும் உண்டு.

இவ்வளவும் படித்தவர், இத்தனை ஆபத்துள்ள மருந்து எதற்கு என்று கேட்கலாம். அவருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று. இந்த நோயில் மனிதர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்வதைக் குறைக்கிறது என்று நன்கு நிறுவப்பட்ட மருந்துகளுள் லித்தியமே தலைமையானது. 2013இல் நாற்பத்தெட்டு ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கியபோதும் அந்த முடிவு நிலைபெற்றது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. தண்டிக்கப்பட வேண்டியவர் என்ற நிலையிலிருந்து வைத்தியம் பெற வேண்டியவர் என்ற நிலைக்கு மனிதரைச் சட்டம் உயர்த்தியபின், அந்த வைத்தியத்தில் சிறந்ததொன்றை அச்சத்தால் விலக்குவது முறையாகாது. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் உன்மத்தம் சில வாரங்களிலேயே முன்னிலும் வேகமாகத் திரும்பக்கூடும். நிறுத்துவதாயின் மருத்துவர் மேற்பார்வையில், மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். பெண்கள் கருத்தரிக்க எண்ணும்போதும் இதே விதி.

இங்கிலாந்தில் 2009இல் நோயாளிகளின் பாதுகாப்புக்கான அரசாங்க நிறுவனம் விடுத்த அறிவிப்புக்குப் பின், லித்தியம் உட்கொள்பவர் ஒவ்வொருவருக்கும் ஊதா நிற அட்டையிட்ட ஒரு சிறு கையேடு கொடுக்கத் தொடங்கினார்கள். ரத்த அளவுகளை எழுதும் பக்கங்களும், எந்த மருந்தாளுநரிடமும் எடுத்துக் காட்டத்தக்க ஓர் எச்சரிக்கை அட்டையும் அதில் உண்டு. வாய் திறந்து சொல்லக் கூசுகிறவர் அட்டையைக் கவுண்டரில் வைத்துவிடலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் அச்சிட்டு இத்தகையதொன்றை வழங்க வேண்டும் என்பது என் விருப்பம். தமிழ்ப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் எண்ணி வைத்திருக்கிறேன்: பொன்ஸ்டான், வோல்ட்டரன், ஆர்காக்சியா என்ற பெயர்கள், மக்கள் வழங்கும் அதே பெயர்களில், 'பிரில்' என்றோ 'சார்ட்டன்' என்றோ முடியும் மாத்திரை புதிதாகக் கிடைத்தால் ஒரு வாரத்தில் ரத்தம் பார்க்கும்படி ஒரு வரி, வாந்தியோ பேதியோ சுரமோ வந்த நாளில் அழைக்க வேண்டிய வார்டின் எண், கடைசி மூன்று சோதனைகளின் தேதியும் அளவும், அவற்றுக்குக் கீழே, வீட்டில் இதை அறிந்திருக்கும் ஒருவரின் பெயரை எழுத ஒரு கோடு.